பழி பேட்டரி மேல், பழுது வேறெங்கோ

அன்புள்ள தம்பி தங்கைகளே,

அப்பாவின் புல்லட்டையோ தாத்தாவின் ஜாவாவையோ கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி வந்து, தூசி தட்டி, பெயின்ட் அடித்து ஓட்டத் தொடங்கியிருக்கிற உங்கள் எல்லோருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வணக்கம்.

எங்களைப் போன்றவர்களின் கடைக்கு வந்ததும் உங்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றேதான்: “அண்ணே, இப்பதான் புது பேட்டரி போட்டேன், அதுக்குள்ள டவுன் ஆயிடுச்சு.” அதற்கு முன்னால் வேறொரு கடையில் ரெக்டிஃபையர் மாற்றியிருப்பீர்கள். அதற்கும் முன்னால் காயில். பில்லையெல்லாம் கூட்டினால் நல்ல தொகை வரும். வண்டி மட்டும் இருட்டிய பிறகு ஹெட்லைட் போட்டால் திக்கித் திணறும். இத்தனை பாகம் மாறிய பிறகும், யாராவது மீட்டர் வைத்து எத்தனை வோல்ட் என்று பார்த்தார்களா என்று கேட்டால் பதில் வராது.

அதனால்தான் இந்தக் கடிதம். சார்ஜிங் கோளாறு என்றால் பாகத்தைத் தொடுவதற்கு முன் மீட்டரைத் தொட வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது, ஏன் யாரும் செய்வதில்லை என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ச் சாலைகளில் இன்றும் ஓடும் பழைய வண்டிகளில் மூன்று முக்கியம். சென்னை திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்டு புல்லட். 1961-இலிருந்து 1996 வரை மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த ஜாவா, எஸ்டி. 1983-இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350. மூன்றிலும் மின்சாரம் உண்டாகும் விதம் வேறு வேறு. புல்லட்டில் நிரந்தரக் காந்தம் சுற்றி ஏசி கரன்ட் வரும். அதை ரெக்டிஃபையர் டிசியாக மாற்றும். ஜாவாவில் கார்பனும் ஆர்மேச்சரும் கொண்ட டைனமோ. அது நேராக டிசி தரும். ராஜ்தூத் 350-இல் காந்தமே கிடையாது. ஒரு காயிலுக்கு பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்துத்தான் காந்தம் உண்டாக்கிக்கொள்ளும். புல்லட்டுக்கு வைத்தியம் பார்த்துப் பழகியவர் அதே கையோடு ஜாவாவைத் தொட்டால் பாதிக் கோளாறு அங்கேயே தொடங்குகிறது.

இவை எல்லாவற்றிலும் பேட்டரியின் வேலை என்ன என்று ஒரு முறை தெளிவாகிவிட்டால் மீதி சுலபம். வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார், குழாயில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு, தொட்டி நிறைந்ததும் நிறுத்தும் மிதவை, மேலே தொட்டி. வண்டியில் மோட்டாரின் இடத்தில் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், வால்வின் இடத்தில் ரெக்டிஃபையர் அல்லது கட்அவுட், மிதவையின் இடத்தில் ரெகுலேட்டர், தொட்டிதான் பேட்டரி. தொட்டி காலி என்றதும் தொட்டியை உடைத்துவிட்டுப் புதுத் தொட்டி கட்டுகிறவர் யாரும் இல்லை. வண்டியில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

பாயின்ட் செட் வைத்த புல்லட், ஜாவா போன்ற வண்டிகளில் ஸ்பார்க் வருவதும் பேட்டரி தயவில்தான். ஆகவே சார்ஜ் குறைந்தால் முதலில் மங்குவது விளக்கு. அடுத்து இன்ஜின் மிஸ்ஸாகும், சைலன்சரில் வெடிக்கும், ஸ்லோவில் நிற்காது. உடனே கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதுவார்கள். பகலில் நன்றாக ஓடி, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் போட்டால் மட்டும் மிஸ்ஸாகிற வண்டியின் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். அது கரன்ட் பற்றாக்குறை.

சரி, அளப்போம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதை வாங்கும் காசு ஒரு ரெக்டிஃபையரைத் தவறாக மாற்றும் செலவைவிடக் குறைவு.

முதல் அளவு, வண்டி நிற்கும்போது. பேட்டரியை வெளியே கழற்றி, சார்ஜரில் முழுக்க ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு வோல்ட் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி என்றால் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் அளவு, 12.0 என்றால் கால்வாசிக்கு இறங்கிவிட்டது. 6 வோல்ட் பேட்டரியில் 6.3-க்கு மேல் வர வேண்டும். சார்ஜ் ஏற்றும்போது அவசரம் வேண்டாம்: பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் போதும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரில் மாட்டி ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் தட்டுகள் வளைந்துதான் திரும்பி வரும். ஏற்றும் இடத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி கூடாது. அந்த நேரத்தில் வெளிவருவது ஹைட்ரஜன்.

முழுக்க ஏற்றியும் அந்த எண் வரவில்லை என்றாலோ, வந்து ஒரே இரவில் தானாக இறங்கினாலோ பேட்டரி போய்விட்டது. மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் குறைந்திருந்தால் சார்ஜ் போதவில்லை என்று பொருள். ஒரு செல் மட்டும் விழுந்திருந்தால் அந்தச் செல் இறந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கூடுதல் ஆசிட்டும் வேண்டாம். மாதக்கணக்கில் காலியாகவே கிடந்த பேட்டரியின் தட்டுகளில் வெள்ளைப் படிவு உண்டாகிவிடும். அந்த பேட்டரி மீள்வது அபூர்வம்.

இரண்டாவது அளவு, வண்டி ஓடும்போது. சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டி, மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் இரு முனைகளிலேயே வைத்து, இன்ஜினைக் கிளப்பி, நடுத்தர வேகத்தில் ஆக்சிலரேட்டரைப் பிடித்து நில்லுங்கள். மூன்றாவது அளவு, அதே வேகத்தில் ஹெட்லைட்டையும் போட்டுப் பார்ப்பது. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிவிட்டால் கோளாறு எந்தத் திசையில் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

12 வோல்ட் வண்டியில் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே நின்று, ஹெட்லைட் போட்ட பிறகும் 13-க்கு மேல் இருந்தால் சார்ஜிங்கில் குறை இல்லை. அப்படியிருந்தும் பேட்டரி இறங்கினால், நிற்கும்போது எங்கோ கசிகிறது அல்லது பேட்டரியே பழசு. 6 வோல்ட் வண்டியில் இதற்கு ஈடான அளவு ஏறக்குறைய 7 வோல்ட்.

ஆக்சிலரேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் எண் ஏறாமல், நிற்கும்போது இருந்ததைவிட மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் அறவே இல்லை. டைனமோ, ரெக்டிஃபையர், இடையிலுள்ள ஒயர் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

கொஞ்சம் ஏறி, ஹெட்லைட் போட்டதும் 12.5-க்குக் கீழே விழுந்தால் பாதிச் சார்ஜ். ரெக்டிஃபையரில் ஒரு டையோடு மட்டும் திறந்துபோனாலும் இப்படித்தான் இருக்கும். மோசமான எர்த்தும் இதே முகத்தைக் காட்டும். தாங்க முடியாத பெரிய பல்பு மாட்டியிருந்தாலும் இதேதான்.

15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பக்கத்திலிருக்கும் குரோமில் ஆசிட் பட்டுத் துரு ஏறும். இந்த வண்டியில் போடும் எந்தப் புது பேட்டரியும் நீடிக்காது. “பேட்டரி கம்பெனி சரியில்லை” என்று மூன்று கம்பெனி மாற்றியவர்களின் வண்டியில் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் நம் ஊர் முழுக்க இருக்கிறது. “ஒயரைக் கழட்டினேன், வண்டி நிக்கல, சார்ஜ் வருது” என்று பெருமையாகச் சொல்வார்கள். பேட்டரி இருக்கும்வரைதான் வோல்ட் ஓர் அளவுக்குள் நிற்கும். அதைக் கழற்றிய நொடியில் வோல்ட் எகிறும். பல்பும் ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் அந்த அடியை வாங்கும். நன்றாக இருந்த ரெக்டிஃபையர் சோதனையிலேயே செத்துப்போகும். ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரின் அசையாத காயில்) ஒயரை இன்ஜினில் தட்டிப் பொறி பார்ப்பதும் இதே இனம்தான். பொறி வருவதால் போதுமான கரன்ட் வருகிறது என்று ஆகிவிடாது. உங்கள் வண்டியில் யாராவது இப்படிச் செய்ய வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

எண்கள் கையில் வந்ததும் ரெக்டிஃபையருக்குத் தாவாதீர்கள். அடுத்தது எர்த்து. மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இது உங்கள் தலைமுறை கொண்டுவந்த கோளாறு. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறோம் என்று ஃபிரேமைப் பவுடர் கோட்டிங் செய்கிறீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. ஃபிரேமையே திரும்பும் பாதையாக நம்பியிருந்த ஹெட்லைட், ரெகுலேட்டர், இன்ஜின் எல்லாம் இப்போது ஒரு பெயின்ட் படலத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. போல்ட்டின் மரையில் ஏதோ ஒரு மூலையில் பட்டும் படாமலும் கரன்ட் போகிறது. மழை பெய்தால் ஒரு விதம், வெயிலில் ஒரு விதம்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்து சரியில்லை. அதேபோல ஒரு முனையை ரெக்டிஃபையரின் உடம்பில் வைத்துப் பாருங்கள். பிறகு ஹெட்லைட் கிண்ணத்தில். பாசிட்டிவ் பக்கமும் இதே வேலைதான்: ரெக்டிஃபையரின் பாசிட்டிவ் ஒயருக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் நடுவே அரை வோல்ட் காட்டினால் இடையில் ஃபியூஸோ, கப்ளரோ, சாவி ஸ்விட்சோ கரன்ட்டைத் தின்கிறது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் சூடாகவும் இருக்கும்.

6 வோல்ட் வண்டிக்காரர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஒரே வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் போக வேண்டும். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போல இழுக்கும். 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர். அரை வோல்ட் வழியில் தொலைந்தால் 12 வோல்ட் வண்டிக்கு அது 4 சதவீதம். 6 வோல்ட் வண்டிக்கு 8 சதவீதம். “6 வோல்ட்னாலே மங்கல்தான்” என்று சொல்லிச் சொல்லி ஒரு கதையையே உருவாக்கிவிட்டோம். நல்ல ஒயரும் சுத்தமான எர்த்தும் இருந்தால் 6 வோல்ட் ஜாவா சாலையைக் காட்டும்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. எர்த்து போல்ட்டைக் கழற்றி, அடியிலிருக்கும் பெயின்ட்டை லக் அளவுக்கு மட்டும் சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இன்ஜினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தடிமனான தனி ஒயர் ஒன்று இழுங்கள். ஹெட்லைட் கிண்ணத்துக்கும் ஒன்று. ஃபியூஸ் போன இடத்தில் தாமிரக் கம்பி சுற்றியிருந்தால் அன்றே எடுத்தெறியுங்கள். ஒயரிங் கிட் எரிந்து பெட்ரோல் டேங்குக்குக் கீழே தீப்பிடிக்க அந்தக் கம்பி போதும்.

புல்லட்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. பழைய புல்லட்டின் ஹெட்லைட் மூடியிலேயே, நடுவில் பூஜ்யம் போட்ட ஒரு அம்மீட்டர் இருக்கும். அதை அலங்காரமாகவே வைத்திருக்கிறீர்கள். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள்: பாயின்ட் சேரும்போது முள் மைனஸ் பக்கம் சுமார் 3 ஆம்பியர் சாயும், பாயின்ட் திறக்கும்போது பூஜ்யத்துக்குத் திரும்பும். அப்படி ஆடினால் பேட்டரி, சாவி, காயில், பாயின்ட் வரை பாதை சரி என்று மீட்டர் இல்லாமலே தெரிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது ஸ்லோவில் முள் கொஞ்சம் மைனஸில் நிற்பது இயல்பு. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பிளஸ்ஸுக்கு வர வேண்டும். பேட்டரி நிறைய நிறைய முள் நடுவுக்கு வந்துவிடும்; அதைப் பார்த்துச் சார்ஜ் நின்றுவிட்டது என்று பதற வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது ஹெட்லைட் போட்டால் முள் பிளஸ் பக்கம் போகிறதா? அம்மீட்டர் ஒயரோ பேட்டரி ஒயரோ தலைகீழாக மாட்டியிருக்கிறது. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் ரெக்டிஃபையர் நொடியில் போய்விடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்து. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நெகட்டிவை ஃபிரேமில் மாட்டிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டரி கரன்ட் முழுவதும் இந்த அம்மீட்டர் வழியாகத்தான் போகிறது. உள்ளே லூஸானால் வண்டியே விட்டு விட்டு ஓடும். சந்தேகம் வந்தால் அதன் இரண்டு ஒயரையும் தற்காலிகமாக ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றவாளி அம்மீட்டர்தான்.

எர்த்தும் ஒயரும் சுத்தம் என்றான பிறகும் சார்ஜ் வரவில்லை என்றால் இப்போது ஆல்டர்னேட்டருக்குப் போகலாம். புல்லட்டில் இடது பக்கச் செயின் கேஸிலிருந்து வெளிவரும் ஸ்டேட்டர் ஒயரைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. தொய்ந்த பிரைமரி செயின் அந்த ஒயரை அறுப்பது புல்லட்டில் பழைய கதை. ஸ்டேட்டர் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடப்பதால் ஒயரின் மேல்தோல் நாளடைவில் கெட்டிப்பட்டு வெடிக்கவும் செய்யும். அடுத்து இரண்டு ஒயருக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை மாட்டி, மீட்டரை ஏசியில் வைத்து இன்ஜினை ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க வோல்ட்டும் வெளிச்சமும் சேர்ந்து ஏற வேண்டும். ரொம்ப முறுக்கினால் பல்பு போய்விடும், அளவாகக் கொடுங்கள். சுமையே இல்லாமல் வெறும் மீட்டரில் பார்ப்பது ஏமாற்றும்: பாதி கெட்ட காயில்கூட சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும், வேலை கொடுத்தால்தான் படுத்துவிடும்.

ஏசி வரவில்லை என்றால் மட்டும் செயின் கேஸைத் திறக்க வேண்டும். உள்ளே சுற்றும் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் ஒரே சீராகச் சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்; ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். ரோட்டரில் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது ஸ்டேட்டரில் உரசுகிறது. காயில் மட்டும் எரிந்திருந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். கிணற்று மோட்டாருக்கு வைண்டிங் செய்யும் கடை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. சரியான கம்பி அளவும் சுற்றும் சொன்னால் அவர்களில் கைதேர்ந்தவர்கள் பழைய ஸ்டேட்டரை மறுபடி சுற்றித் தருவார்கள்.

ஏசி நன்றாக வருகிறது, பேட்டரிக்கு மட்டும் போகவில்லை என்றால்தான் ரெக்டிஃபையரின் முறை. தனி ரெக்டிஃபையராக இருந்தால் மீட்டரை டையோடு சோதனையில் வைத்து, ஒவ்வொரு ஏசி முனையிலிருந்தும் இரு பக்கமும் பாருங்கள். ஒரு திசையில் 0.4-க்கும் 0.7-க்கும் நடுவே ஓர் எண் வர வேண்டும். முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் வரக் கூடாது. இரு திசையிலும் எண் வந்தால் ஷார்ட். எந்தத் திசையிலும் வராவிட்டால் திறந்துவிட்டது. ரெகுலேட்டரும் சேர்ந்த யூனிட்டில் இந்தச் சோதனை எப்போதும் முழு உண்மையைச் சொல்லாது. அங்கே நல்ல யூனிட் ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. ஆனால் மற்றவை எல்லாம் சரி என்று எண்ணில் நிரூபித்த பிறகே அதைச் செய்யுங்கள். ஷார்ட்டான ஸ்டேட்டரோடு புது யூனிட்டை மாட்டினால் அதையும் பலி கொடுத்ததாக ஆகும்.

ஜாவா, எஸ்டிக்காரர்கள் வலது பக்க மூடியைத் திறந்தால் டைனமோ எதிரிலேயே இருக்கும். முதலில் கார்பன் இரண்டும் தேய்ந்திருக்கிறதா, தாராளமாக நகர்கிறதா, ஸ்பிரிங் அழுத்துகிறதா என்று பாருங்கள். ஆர்மேச்சரின் தாமிரப் பட்டைகள் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள். இரும்புக்குப் போடும் எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே மாட்டி ஷார்ட் செய்யும். பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் கார்பன் தூள் அடைந்திருந்தால் கூர்மையான முனையால் சுரண்டி எடுங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் டைனமோ பேசாமல் இருந்தால், அது தன் காந்த நினைவை இழந்திருக்கலாம். டைனமோவின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தம்தான் முதல் ஒன்றிரண்டு வோல்ட்டைத் தந்து மீதியைத் தொடங்கிவைக்கிறது. பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டியில் அது மங்கிப்போகும். ஃபீல்டு காயிலுக்கு பேட்டரியிலிருந்து சரியான திசையில் நொடிப்பொழுது கரன்ட் காட்டினால் திரும்பிவிடும். திசை மாறினால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தொடங்கி கட்அவுட் பாயின்ட்டைக் கருக்கிவிடும். ஆகவே உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தை வைத்துக்கொண்டு, வேலை தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கட்அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்துதான். இன்ஜினை நிறுத்திய பிறகும் பேட்டரி கரன்ட் டைனமோவுக்குத் திரும்பி ஓடும். வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து டைனமோவில் புதிதாகச் சூடு ஏறினால் பேட்டரி ஒயரை உடனே கழற்றுங்கள்.

ராஜ்தூத் 350-க்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் சோதனை போதும். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, ரோட்டரின் நடு போல்ட் அருகே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோங்கள். இழுத்து ஒட்டினால் காந்தம் உண்டாகிறது. ஒட்டவில்லை என்றால் கார்பன், ரோட்டர் காயில், ரெகுலேட்டர் இம்மூன்றில் ஒன்று கரன்ட்டை மறிக்கிறது. இந்த வண்டியில் பேட்டரி அடியோடு செத்துவிட்டால் ஆல்டர்னேட்டரும் எழாது என்பதை மனத்தில் வையுங்கள்.

நிற்கும் வண்டியில் கசிவு பார்ப்பது கடைசி. சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நடுவே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் அளவில் தொடங்கி, ஒன்றும் இல்லை என்றால் மில்லியாம்பியருக்கு இறங்குங்கள். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்டப் பூஜ்யம் வர வேண்டும். பத்து, இருபது மில்லியாம்பியர் காட்டினால் ரெக்டிஃபையர் ஒயரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் டையோடு கசிகிறது. நிற்காவிட்டால் ஹாரன், பிரேக் லைட், பிறகு நீங்கள் புதிதாக மாட்டிய போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த போன் சார்ஜரில்தான் வந்து நிற்கும்.

அதோடு கொஞ்சம் கணக்கும் போடுங்கள். உங்கள் டைனமோ 45 வாட் தருகிறது என்றால் 35 வாட் ஹெட்லைட், டெயில் லைட், இக்னிஷன் காயில் மூன்றுக்குமே அது சரியாகிவிடும். பேட்டரிக்குப் போக மிச்சம் இருக்காது. 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகள் எப்போதும் எரியும் ஹெட்லைட்டோடு வருகின்றன. அவற்றின் ஆல்டர்னேட்டர் அதற்கென்றே செய்யப்பட்டது. அதைப் பார்த்து உங்கள் பழைய வண்டியிலும் பகல் முழுக்க ஹெட்லைட் எரித்துக்கொண்டு போனால், அல்லது 100 வாட் ஹாலோஜன் மாட்டினால், எந்த மெக்கானிக்காலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. நல்ல எல்இடி பல்பு போட்டால் சுமை குறையும். ஆனால் ஹெட்லைட்டுக்கு நேராக ஏசி போகும் ஒயரிங்கில் அது நடுங்கும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு எளிதாக இருக்கும்போது ஏன் யாரும் அளப்பதில்லை? இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மீட்டர் வைத்து அரை மணி நேரம் வேலை செய்து, “ஒன்றுமில்லை, எர்த்து லூஸ், இறுக்கிவிட்டேன்” என்று சொல்லி இருநூறு ரூபாய் கேட்டால், “ஒரு நட்டு முடுக்கினதுக்கு இருநூறா?” என்று கேட்பீர்கள். அதே மெக்கானிக் ரெக்டிஃபையரை மாற்றி இரண்டாயிரம் கேட்டால் பேசாமல் கொடுக்கிறீர்கள், பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போகிறீர்கள். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் மாற்றுவதுதான் தொழிலாகும். பழைய வண்டிகளுக்கு இதில் இழப்பு இரண்டு மடங்கு: கழற்றி எறிந்த அசல் டைனமோவும் ரெகுலேட்டரும் திரும்பக் கிடைப்பதில்லை, அதற்குப் பதில் மாட்டியது அளவு சரியில்லாத நகல். 50 வருடம் தாண்டிய, அசல் நிலை மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசே விதி கொண்டுவந்துவிட்டது. அந்த வயதை நெருங்கும் வண்டியின் நல்ல பாகத்தைச் சந்தேகத்தின் பேரில் குப்பையில் போடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. அளந்து கண்டுபிடித்தவருக்கு, பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும், கேட்ட கூலியை மனதாரக் கொடுங்கள். அடுத்த முறை யாராவது “பேட்டரி போச்சு, மாத்திடலாம்” என்று சொன்னால், நிற்கும்போது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை, ஹெட்லைட் போட்டால் எத்தனை என்று கேளுங்கள். அந்த மூன்று எண்ணையும் பில்லின் பின்புறம் எழுதித் தராதவரிடம் புது பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்